தொடங்கி வைக்கும் உரிமை

மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஆடி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், நீலகிரி மாவட்டம் கூடலூரில் உள்ள என் அலுவலகத்துக்கு வந்த 68 வயதுப் பெரியவர் ஒருவர், தம் மஞ்சள் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து என் மேசைமேல் வைத்தார். 11 ஆண்டுகளில் அவர் அனுப்பிய மனுக்களின் நகல்களும், அவற்றுக்கு வந்த பதில்களும், ஒவ்வொரு பதிலோடும் குண்டூசியால் குத்தி வைத்திருந்த அஞ்சல் ஒப்புகை அட்டைகளும் அதற்குள் இருந்தன. எங்கள் ஊர்க் குளிரிலும் ஈரத்திலும் குண்டூசிகள் துருப்பிடித்து, ஒவ்வொரு தாளின் இடது மூலையிலும் பழுப்பு நிறத்தில் இரண்டு புள்ளிகள் பதிந்திருந்தன. தாளைத் திருப்பும்போது ஊசி உடைந்துவிடக் கூடாதே என்று நான் தயங்கியதைப் பார்த்து, அவரே அவற்றை ஒவ்வொன்றாகத் திருப்பிக் காட்டினார்.

அவருடைய குடும்பம் 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களில் ஒன்று. தேயிலை பறித்தும் கவாத்து வெட்டியும் வாழ்ந்து முடித்த பிறகு அவர் தங்கியிருக்கும் வீடு, எங்கள் வட்டத்தில் எல்லோரும் ‘செக்சன் 17 நிலம்’ என்று சொல்லும் நிலத்தில் இருக்கிறது. 1969ஆம் ஆண்டின் கூடலூர் ஜென்ம எஸ்டேட்டுகள் ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, ஜென்மிகள் எனப்படும் பரம்பரை நிலவுடைமையாளர்கள் தோட்டங்களுக்குக் குத்தகையாக விட்டிருந்த நிலங்களைப் பற்றியது. அந்த நிலங்கள் யாருக்கு என்னும் கேள்வி முடிவடையாததால், அங்கே வீடு கட்டிக் குடியிருப்பவர்கள் பலருக்குப் பட்டாவும் கிடைப்பதில்லை, மின் இணைப்பும் கிடைப்பதில்லை. பெரியவர் கேட்டது ஒரு மின் இணைப்பு மட்டுமே. வந்த பதில்கள் அனைத்திலும் இரண்டாம் பத்தி ஒன்றாகவே இருந்தது: வழக்கு நிலுவையில் உள்ளது, மேலும் வனப் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஒன்றிய அரசின் முன் அனுமதி தேவை.

எல்லாவற்றையும் நான் படித்து முடித்ததும் அவர் கேட்டார்: “அந்தச் சட்டத்தையே மாத்தணும்னா யாருக்கு மனு எழுதணும் வக்கீலம்மா? மெட்ராசுக்கா, டில்லிக்கா?” டெல்லிக்குத்தான் என்றேன். “நம்ம சட்டசபை சொன்னா டில்லி கேக்குமா?” என்று அடுத்து கேட்டார். கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை ஐயா என்று சொல்லிவிட்டு, அந்தப் பதிலோடு அவரை மழையில் அனுப்பி வைக்க எனக்கு மனம் வரவில்லை. பல ஆண்டுகளாக நான் வழக்குரைஞர் கூட்டங்களிலும் வாசகசாலைகளிலும் பேசி வருகிற ஒரு கருத்தை முழுமையாக எழுதி வைக்க வேண்டும் என்று அன்றுதான் முடிவு செய்தேன். அரசமைப்புச் சட்டத் திருத்தத்தைத் தொடங்கி வைக்கும் உரிமை நாடாளுமன்றத்துக்கு மட்டும் இருப்பது போதாது. மாநிலங்கள் ஒன்று கூடியும் அதைத் தொடங்க வழி வேண்டும் என்பதே அந்தக் கருத்து.

எங்கள் மலையில் காட்டைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் 1976க்குப் போயாக வேண்டும். அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த 1950 முதல் காடு, மாநிலங்கள் சட்டம் இயற்றும் பொருள்களைக் கொண்ட மாநிலப் பட்டியலில் இருந்தது. நெருக்கடி நிலையின்போது நிறைவேறிய 42ஆவது திருத்தம், காடுகள், வன விலங்குகள் மற்றும் பறவைகளின் பாதுகாப்பு, கல்வி, எடைகளும் அளவைகளும், நீதி நிர்வாகம் ஆகிய 5 பொருள்களை மாநிலங்களிடமிருந்து எடுத்து, ஒன்றியமும் மாநிலங்களும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலில் சேர்த்தது. இந்தப் பட்டியல்கள் அடங்கிய ஏழாம் அட்டவணையைத் தொடும் திருத்தம் ஆகையால் குறைந்தது பாதி மாநிலங்களின் சட்டமன்றங்கள் அதற்கு ஏற்புறுதி, அதாவது ஒப்புதல், தர வேண்டும். அந்த எண்ணிக்கை கிடைத்துவிட்டது. ஆனால் ஏற்றுக்கொள்ளவோ மறுக்கவோ அன்று தமிழ்நாட்டில் ஒரு சட்டப்பேரவையே இருக்கவில்லை. 1976 ஜனவரி 31 அன்று மாநில அரசு கலைக்கப்பட்டுக் குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. அடுத்த பேரவைக்கான தேர்தல் 1977 ஜூன் மாதத்தில்தான் நடந்தது. இடையில் 1976 டிசம்பரில் திருத்தத்துக்குக் குடியரசுத் தலைவர் கையொப்பமிட்டார். முதுமலையின் மூங்கிலும் முக்குருத்தியின் சோலையும் யாருடைய சட்டத்துக்கு உட்பட்டவை என்பது மாறிய அந்த ஆண்டில், உதகை, குன்னூர், கூடலூர் என்னும் எங்கள் மூன்று தொகுதிகளுக்கும் சட்டமன்ற உறுப்பினர் என்று ஒருவர்கூட இல்லை. இதை நான் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்கிறேன்; ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர், இது உண்மையா என்று நாள்களைத் திரும்பக் கேட்டுக் குறித்துக்கொள்கிறார்.

நெருக்கடி நிலை முடிந்தபின் 1978இல் வந்த 44ஆவது திருத்தம் பலவற்றைச் சரிசெய்தது. காடு திரும்பி வரவில்லை. 1980இல் நாடாளுமன்றம் வனப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றி, காட்டு நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற ஒன்றிய அரசின் முன் அனுமதியைக் கட்டாயமாக்கியது. 2023இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டபோது அதன் பெயரும் ‘வன் சன்ரக்‌ஷண் ஏவம் சம்வர்தன் அதிநியம்’ என்று இந்தியாக மாறிவிட்டது. பெரியவரின் புதிய மனுவில் அந்தப் பெயரைத் தட்டச்சு செய்யும்போது எனக்கு ஏற்பட்ட வருத்தத்தை மறைக்க விரும்பவில்லை. தன் வீட்டை இருளில் வைத்திருக்கும் சட்டத்தின் பெயரைக்கூட அந்த மனிதர் படித்துப் பொருள் அறிய முடியாது.

என் கருத்தைத் தவறாகப் புரிந்துகொள்பவர்கள் உண்டு என்பதால் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். காட்டைக் காக்கும் சட்டம் தேவையில்லை என்று நான் ஒருபோதும் சொன்னதில்லை. கேரளத்தின் நிலம்பூர் கோவிலகம் என்னும் அரச குடும்பத்தைச் சேர்ந்த டி. என். கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு எங்கள் கூடலூர்க் காடுகள் வெட்டப்படுவதைக் கண்டு எழுந்தது. 1996 டிசம்பர் 12 அன்று அவ்வழக்கில் பிறந்த ஆணை இந்தியா முழுவதும் ‘காடு’ என்ற சொல்லின் பொருளையே விரிவாக்கியது. அந்த ஆணையால் நின்ற மரங்களின் நிழலில்தான் நான் அன்றாடம் நீதிமன்றத்துக்கு நடக்கிறேன். எந்தச் சட்டம் நல்லது என்பது ஒரு கேள்வி. அந்தச் சட்டத்தின் வேரான அதிகாரப் பங்கீட்டைப் பற்றிப் பேச்சைத் தொடங்க யாருக்கு உரிமை உண்டு என்பது வேறொரு கேள்வி. நான் எழுதுவது இரண்டாவதைப் பற்றி.

அரசமைப்பைத் திருத்தும் முறையைச் சொல்லும் உறுப்பு 368 என்ன சொல்கிறது? திருத்தத்துக்கான மசோதாவை நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகளில் ஒன்றில்தான் அறிமுகப்படுத்த முடியும். ஒவ்வோர் அவையிலும் மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையும், வந்திருந்து வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும். கூட்டாட்சியைத் தொடும் சில பகுதிகளுக்கு மட்டும் பாதி மாநிலங்களின் ஏற்புறுதி வேண்டும். ஆக, மாநிலத்தின் பங்கு கடைசி வரியில் வருகிறது. அப்போதும் ஆம் அல்லது இல்லை என்பதற்கு மேல் ஒரு சொல்லைச் சேர்க்கவோ நீக்கவோ முடியாது. இன்றைய 28 மாநிலங்களும் ஒரே வாசகத்தில் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றி அனுப்பினாலும், அதை அலுவல் பட்டியலில் வைக்க வேண்டிய கடமைகூட நாடாளுமன்றத்துக்கு இல்லை. ஒன்றிய - மாநில உறவை ஆராய 1969இல் தமிழ்நாடு அமைத்த இராஜமன்னார் குழு 1971இல் அறிக்கை தந்தது. 1974 ஏப்ரலில் நம் பேரவை மாநிலத் தன்னாட்சித் தீர்மானத்தை நிறைவேற்றியது. பின்னர் அதே பொருளுக்காக ஒன்றிய அரசு அமைத்த சர்க்காரியா ஆணையமும் பூஞ்சி ஆணையமும் வந்தன. 2025 ஏப்ரலில் நீதியரசர் குரியன் ஜோசப் தலைமையில் மீண்டும் ஒரு குழுவை மாநில அரசு அறிவித்தது. இக்குழுக்களின் உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் அவை எழுதியவற்றைச் சட்டத்தின் வாசல்வரை கொண்டுபோகும் பாதை அரசமைப்பில் இல்லாதவரை, ஒவ்வொரு தலைமுறையும் முதல் வரியிலிருந்து எழுதிக்கொண்டே இருக்கும்.

அப்படி ஒரு பாதையை நம் முன்னோர் நினைக்கவே இல்லையா என்றால், நினைத்தார்கள் என்பதே விடை. 1948இல் வெளியான வரைவு அரசமைப்பின் 304ஆம் உறுப்பில் இரண்டாவதாக ஒரு கூறு இருந்தது. ஆளுநரைத் தேர்ந்தெடுக்கும் முறை, மாநிலச் சட்டமன்றத்தில் எத்தனை அவைகள் என்னும் இரண்டு பொருள்களில், திருத்த மசோதாவை மாநிலச் சட்டப்பேரவையிலேயே தொடங்கலாம். அது நிறைவேறிய பிறகு நாடாளுமன்றம் ஏற்புறுதி தரும். அதாவது இன்றைய முறையைத் தலைகீழாக்கி, மாநிலம் தொடங்க நாடாளுமன்றம் முடிக்கும் முறை. இறுதி வடிவத்தில் அந்தக் கூறு விடுபட்டுவிட்டது. ஆளுநரைப் பற்றி இன்று நாம் படும் பாட்டை நினைக்கும்போது, விடுபட்ட அந்த ஒரு பத்தியை நான் எத்தனை முறை எடுத்துப் படித்திருப்பேன் என்று கணக்கில்லை.

சிறிய அளவில் அந்த எண்ணம் இன்னும் அரசமைப்பில் உயிரோடு இருக்கிறது. உறுப்பு 169இன்படி, மேலவை வேண்டும் அல்லது வேண்டாம் என்று மாநிலப் பேரவை சிறப்புப் பெரும்பான்மையுடன் தீர்மானித்தால்தான் நாடாளுமன்றம் சட்டம் செய்ய முடியும்; 1986இல் நம் மேலவை போனது அந்த வழியில்தான். உறுப்பு 252இன்படி, இரண்டோ அதற்கு மேற்பட்டோ மாநிலங்கள் தீர்மானம் போட்டுக் கேட்டுக்கொண்டால், மாநிலப் பட்டியலில் உள்ள பொருளிலும் அவற்றுக்காக நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம். முதுமலையில் புலியைக் காக்கும் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அப்படி 11 மாநிலங்களின் தீர்மானங்களிலிருந்து பிறந்ததுதான். மாநிலங்கள் கையெழுத்துப் போட்டுக் கேட்டதால், காடு மாநிலப் பட்டியலில் இருந்த காலத்திலேயே, ஒரு தேசியச் சட்டம் வந்தது. அதிகாரத்தைப் பறிக்காமலும் புலியைக் காக்க முடிந்தது என்பதற்கு இதைவிட நெருக்கமான சான்று எங்களுக்கு வேண்டியதில்லை.

அமெரிக்க அரசமைப்பின் ஐந்தாம் உறுப்பை நான் கருத்தோடு படிக்கத் தொடங்கியது இந்த இடத்திலிருந்துதான். அங்கே திருத்தத்தை முன்மொழிய இரண்டு வழிகள். ஒன்று, காங்கிரசின் இரண்டு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு. மற்றொன்று, மூன்றில் இரண்டு பங்கு மாநிலங்களின் சட்டமன்றங்கள், இன்றைய கணக்கில் 50இல் 34, விண்ணப்பித்தால் திருத்தங்களை முன்மொழிய ஒரு மாநாட்டைக் காங்கிரஸ் கூட்டியே ஆக வேண்டும். எந்த வழியில் வந்தாலும் நான்கில் மூன்று பங்கு மாநிலங்கள், அதாவது 38, ஏற்றால்தான் அது சட்டம். இந்த இரண்டாவது வழி எப்படிப் பிறந்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த வரலாறு. 1787ஆம் ஆண்டு பிலடெல்பியாவில் கையொப்பத்துக்கு இரண்டு நாள் முன்னதாக, செப்டம்பர் 15 அன்று, வர்ஜீனியாவின் ஜார்ஜ் மேசன் எழுந்து ஒரு தடை சொன்னார். அப்போதிருந்த வரைவில் மாநிலங்கள் விண்ணப்பிக்கலாம், ஆனால் முன்மொழிவது காங்கிரஸ்தான். மத்திய அரசே மக்களை ஒடுக்கத் தொடங்கினால், அதைத் திருத்துவதற்கும் அதனிடமே போய் நிற்பதா என்பது அவருடைய கேள்வி. அவை அதை ஏற்று, மாநாட்டைக் கூட்டும் வழியைச் சேர்த்தது. எங்கள் பெரியவர் கேட்ட கேள்வியும் அதுவேதான்.

அந்த வழியில் இன்றுவரை ஒரு மாநாடுகூடக் கூடியதில்லை. இதுவரை நிறைவேறிய 27 திருத்தங்களும் காங்கிரஸ் முன்மொழிந்தவையே. அதைக் கூட்டியே தீர வேண்டும் என்று அங்கே பாடுபடுபவர்களில் வழக்குரைஞர்கள் முன்னணியில் நிற்கிறார்கள். மைக்கேல் ஃபாரிஸ், மார்க் மெக்லர் என்னும் இரண்டு வழக்குரைஞர்கள் 2013இல் ‘மாநிலங்களின் மாநாடு’ என்ற பெயரிலேயே ஓர் இயக்கத்தைத் தொடங்கினார்கள். மத்திய அரசின் செலவுக்குக் கட்டுப்பாடு, அதன் அதிகாரத்துக்கு எல்லை, பதவியில் இருப்பவர்களுக்குக் கால வரம்பு என்ற மூன்று பொருள்களுக்கு மட்டும் மாநாடு கேட்கும் அவர்களுடைய விண்ணப்பத்தை 2022ஆம் ஆண்டுக்குள் 19 மாநிலங்கள் நிறைவேற்றியிருந்தன. டெக்சாஸ் ஆளுநர் கிரெக் அபாட், நீதிபதியாகவும் மாநிலத் தலைமை வழக்குரைஞராகவும் இருந்தவர், 2016 ஜனவரியில் 9 திருத்தங்களைக் கொண்ட ஒரு விரிவான திட்டத்தை வெளியிட்டார். அடுத்த ஆண்டே டெக்சாஸ் சட்டமன்றம் மாநாட்டுக்கான விண்ணப்பத்தை நிறைவேற்றியது. சொல்ல வேண்டியதை ஒரு வழக்குமனுவைப் போல அடுக்கி, சட்டமன்ற வாக்குவரை அதைக் கொண்டுபோன உழைப்பை நான் மதிக்கிறேன்.

அத்திட்டத்தின் உள்ளடக்கம் முழுவதோடும் எனக்கு உடன்பாடு இல்லை. மூன்றில் இரண்டு பங்கு மாநிலங்கள் சேர்ந்தால் உச்ச நீதிமன்றத் தீர்ப்பையே புறந்தள்ளலாம் என்று அபாட் கேட்கிறார். 9 நீதிபதிகளில் 7 பேர் ஒத்தால்தான் ஒரு சட்டத்தைச் செல்லாதென்று அறிவிக்கலாம் என்றும் கேட்கிறார். எண்ணிக்கையில் சிறிய மக்கள் வாழும் ஒரு மலை மாவட்டத்தில் தொழில் செய்யும் நான் அதை ஏற்க முடியாது. அந்த இயக்கம் வலதுசாரிகளுடையது என்று சொல்லி நம் ஊரில் அதைப் படிக்காமலே ஒதுக்குகிறார்கள். ஆனால் தேர்தலில் பணத்தின் ஆதிக்கத்தை ஒழிக்க இதே மாநாட்டைக் கேட்டவர் ஹார்வர்டு சட்டப் பேராசிரியர் லாரன்ஸ் லெசிக், அவர் மறுபக்கத்தில் நிற்பவர். வழி என்பது யார் நடந்தாலும் வழிதான். நான் எடுத்துக்கொள்வது வழியை.

அந்த வழிக்கு எதிராகச் சொல்லப்படும் பெரிய அச்சம், மாநாடு கட்டுமீறிப் போய்விடும் என்பது. எத்தனை பேராளர்கள், ஒரு மாநிலத்துக்கு ஒரு வாக்கா, மக்கள்தொகைப்படி வாக்கா, கேட்ட பொருளைத் தாண்டிப் பேசலாமா என்ற எதற்கும் அமெரிக்காவின் ஐந்தாம் உறுப்பில் விடை இல்லை. 1787இல் பழைய கூட்டமைப்பு விதிகளைத் திருத்தக் கூடியவர்களே முற்றிலும் புதிய அரசமைப்பை எழுதிவிட்டுத்தான் கலைந்தார்கள் என்பதால், அந்த அச்சத்தைச் சிறுபிள்ளைத்தனம் என்று தள்ளவும் முடியாது. 1979இல் பேராசிரியராக இருந்தபோது மாநாட்டை ஆதரித்த அன்டனின் ஸ்காலியா, உச்ச நீதிமன்ற நீதிபதியாக 2014இல் அதை எதிர்த்தார். அங்குள்ள இடதுசாரி அமைப்புகளும் தீவிர வலதுசாரிகளில் ஒரு சாராரும் இந்த ஒன்றில் மட்டும் சேர்ந்து எதிர்க்கிறார்கள்.

இந்தியாவில் நாம் அந்த அளவுக்கு அஞ்ச வேண்டியதில்லை என்பதற்கான காரணம் எங்கள் கூடலூரிலிருந்தே கிளம்பியது. ஜென்ம எஸ்டேட்டுகள் ஒழிப்புச் சட்டம் காடுகளையும் அரசுடைமையாக்கியது. அது வேளாண் சீர்திருத்தம் ஆகாது என்று 1972இல் பால்மடீஸ் தோட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பகுதியைச் செல்லாததாக்கியது. 1974இல் 34ஆவது திருத்தத்தின் மூலம் அந்தச் சட்டம் முழுவதையும் ஒன்பதாம் அட்டவணையில் சேர்த்து, நீதிமன்றத்தின் கைக்கு எட்டாதபடி வைத்தார்கள். அப்படி வைக்கலாமா என்ற கேள்விதான் ஐ. ஆர். கொயலோ எதிர் தமிழ்நாடு மாநிலம் என்ற வழக்காக வளர்ந்து 9 நீதிபதிகள் முன் போனது. அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றமும் மாற்ற முடியாது என்று சொன்ன கேசவானந்த பாரதி தீர்ப்பு வந்த 1973 ஏப்ரல் 24க்குப் பிறகு ஒன்பதாம் அட்டவணையில் சேர்த்த எந்தச் சட்டமும் அந்தக் கட்டமைப்பைக் குலைத்தால் செல்லாது என்று 2007 ஜனவரி 11 அன்று தீர்ப்பு வந்தது. நாட்டின் எந்தச் சட்டக் கல்லூரியிலும் இந்தத் தீர்ப்பைப் படிக்காமல் ஒருவர் பட்டம் பெற முடியாது. அதன் வேர், பந்தலூர்ச் சாலையில் நாம் கடந்துபோகும் அதே தோட்டங்களிலும் காடுகளிலும் இருக்கிறது. நாடாளுமன்றமே தாண்ட முடியாத அந்த வேலியை மாநிலங்களின் மாநாடும் தாண்ட முடியாது. அமெரிக்காவில் இத்தகைய வேலி இல்லை, நம்மிடம் இருக்கிறது.

இத்தனையையும் சென்ற ஆண்டு தேவாலாவுக்கு அருகே ஒரு பழங்குடிக் குடியிருப்பில் நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, பணியர் சமூகத்தைச் சேர்ந்த ஒரு அக்கா, அதுவரை திண்ணையில் அமர்ந்து பாக்கு சீவிக்கொண்டிருந்தவர், கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். டெல்லியிலிருந்து அதிகாரம் சென்னைக்கு வந்தால் அது எங்கள் குடிக்கு வந்ததாக ஆகுமா என்றார். நான் தயாரித்து வைத்திருந்த எந்த விடையும் அந்தக் கேள்விக்குப் பொருந்தவில்லை. காட்டில் வாழ்பவர்களுக்கு உரிமை தந்த 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் நாடாளுமன்றம் இயற்றியது. தமிழ்நாட்டின் மிகவும் நலிந்த பழங்குடிகள் என்று வகைப்படுத்தப்பட்ட தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய 6 இனத்தாரும் நீலகிரியில் வாழ்கிறார்கள். ஆனால் தமிழ்நாட்டில் பழங்குடிகளுக்கான ஐந்தாம் அட்டவணைப் பகுதியாக ஓர் ஊர்கூட அறிவிக்கப்படவில்லை. அதனால் பழங்குடிக் கிராம சபைகளுக்கு அதிகாரம் தரும் 1996ஆம் ஆண்டின் சட்டமும் இங்கே செல்லுபடியாகாது. மாநிலத்தின் உரிமைக்காக வாதாடும் நான், மாநிலம் தன் மலைமக்களுக்கு எதைக் கேட்டு வாங்கித் தந்தது என்பதற்கும் விடை சொல்லக் கடமைப்பட்டவள்.

அந்த அக்காவின் கேள்வியால் என் வரைவு மாறியது. முன்பு என் வரைவில் மாநிலங்களும் நாடாளுமன்றமும் மட்டுமே இருந்தன. இப்போது அதில் ஒரு கூறு சேர்ந்திருக்கிறது: மாநிலங்கள் தொடங்கும் எந்தத் திருத்தமும் பட்டியல் பழங்குடியினருக்கு அரசமைப்பாலோ சட்டத்தாலோ கிடைத்திருக்கும் பாதுகாப்பைக் குறைக்கக் கூடாது, காடு, நிலம் பற்றிய திருத்தமென்றால், சம்பந்தப்பட்ட கிராம சபைகளின் கருத்தைப் பெற்று அவையில் வைத்த பிறகே பேரவை வாக்கெடுப்பு நடத்த வேண்டும். வாசகத்தைச் செம்மையாக்க இன்னும் உழைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் இந்தக் கூறு இல்லாமல் அந்த வரைவை இனி யார் முன்னும் நான் படிக்க மாட்டேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஒரே வாசகத்தில் அமைந்த திருத்தத்தை 5 ஆண்டுகளுக்குள் மூன்றில் இரண்டு பங்கு மாநிலங்கள், இன்று 19, தீர்மானமாக நிறைவேற்றினால், ஓராண்டுக்குள் அதை நாடாளுமன்றம் வாக்கெடுப்புக்கு விட்டாக வேண்டும். விடத் தவறினாலோ நிராகரித்தாலோ, ஒவ்வொரு பேரவையும் தேர்ந்தெடுக்கும் 3 பேராளர்களைக் கொண்ட மாநிலங்களின் மாநாடு கூடும். மூவரில் ஒருவர் எதிர்க்கட்சியைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். அந்த மாநாடு தீர்மானத்தில் உள்ள பொருளைத் தவிர வேறெதையும் எடுக்கக் கூடாது. மாநாடு ஏற்ற வாசகம் நான்கில் மூன்று பங்கு மாநிலங்களின், அதாவது 21 சட்டமன்றங்களின், ஏற்புறுதியைப் பெற்றால் சட்டமாகும். குடியரசுத் தலைவர் ஆட்சியில் உள்ள மாநிலத்தில் புதிய பேரவை அமையும்வரை அம்மாநிலத்தின் கருத்துக்காகக் காத்திருக்க வேண்டும். இந்தக் கடைசி வரியை நான் எழுதியது 1976க்காக.

மாநிலங்களவை இருக்கும்போது மாநாடு எதற்கு என்று மூத்த வழக்குரைஞர் ஒருவர் என்னிடம் கேட்டார். மாநிலங்களவையில் மாநிலங்கள் சமமாக இல்லை. உத்தரப் பிரதேசத்துக்கு 31 இடங்கள், நமக்கு 18. 2003ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, ஒரு மாநிலத்திலிருந்து தேர்வாகும் உறுப்பினர் அந்த மாநிலத்தில் வசிக்க வேண்டிய தேவையும் இல்லை. 2006இல் உச்ச நீதிமன்றம் அதைச் சரியென்று சொல்லிவிட்டது. பெயரில் மாநிலம் இருக்கிற அவை, மாநிலத்தின் குரலாக இருக்க வேண்டும் என்பதைச் சட்டம் இனி வற்புறுத்துவதில்லை.

தன் அதிகாரத்தைக் குறைக்கும் திருத்தத்தை நாடாளுமன்றம் எப்படி ஏற்கும் என்பதுதான் என்னை அடிக்கடி உறங்கவிடாத கேள்வி. உறுப்பு 368ஐ மாற்றுவதற்கும் அந்த உறுப்பின் வழியாகவே போக வேண்டும். எனக்கு நம்பிக்கை தருவது அமெரிக்காவின் 17ஆவது திருத்தம். அதற்கு முன்பு செனட் உறுப்பினர்களை மாநிலச் சட்டமன்றங்கள் தேர்ந்தெடுத்தன. மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற கோரிக்கையைச் செனட் பல ஆண்டுகள் தடுத்து வைத்திருந்தது. மாநாடு கேட்டு மாநிலங்களின் விண்ணப்பங்கள் ஒவ்வொன்றாகக் குவிந்து தேவையான எண்ணிக்கையை நெருங்கியதும், மாநாடு கூடி என்னென்ன செய்யுமோ என்ற அச்சத்தில் செனட்டே இறங்கிவந்தது. 1912இல் காங்கிரஸ் முன்மொழிந்தது, 1913 ஏப்ரலில் திருத்தம் நிறைவேறியது. மாநாடு கூடவில்லை, கூடிவிடும் என்ற நிலை போதுமானதாக இருந்தது. 1982இல் டெக்சாஸ் பல்கலைக்கழக மாணவர் கிரெகரி வாட்சன், 1789இல் முன்மொழியப்பட்டுக் கிடப்பில் கிடந்த ஒரு திருத்தத்தைத் தேடியெடுத்து, மாநிலச் சட்டமன்றங்களுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதி, 1992இல் அதை 27ஆவது திருத்தமாக நிறைவேறச் செய்தார். அவருடைய கட்டுரைக்குக் கல்லூரியில் கிடைத்தது சுமாரான மதிப்பெண்தான். ஒரு தனி மனிதரின் கடிதங்கள் 10 ஆண்டுகளில் அரசமைப்பின் ஒரு வரியாக மாறின.

நானும் கடிதம் எழுதத் தொடங்கியிருக்கிறேன். வரைவின் தமிழ் வாசகத்தை எங்கள் மாவட்டத்தின் மூன்று சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் அனுப்பியிருக்கிறேன். மலையாளத்தில் ஒரு படியை வயநாட்டில் தொழில் செய்யும் தோழி ஒருவர் மூலமும், கன்னடத்தில் ஒரு படியைக் குண்டலுப்பேட்டையில் உள்ள தோழர் மூலமும் கொண்டுசேர்க்க ஏற்பாடு நடக்கிறது. மூன்று மாநிலங்கள் சந்திக்கும் காட்டில் வாழ்கிறோம். மூன்று சட்டமன்றங்களுக்கு ஒரே வாசகத்தைக் கொண்டுபோவது எங்களிடமிருந்து தொடங்குவதுதான் முறை.

அக்டோபர் 2 அன்று கூடும் கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர ஒப்புதல் கேட்டிருக்கிறேன். வாசிக்கப்போவது அந்தப் பெரியவர். முன்கூட்டியே படித்துப் பழக வேண்டும் என்று சென்ற வாரம் வந்து ஒரு படி கேட்டார். இரவில் மண்ணெண்ணெய் விளக்கில் படிப்பதால் எழுத்து பெரிதாக இருக்க வேண்டும் என்றார். நான்கு பக்கங்களில் அடங்கிய வரைவைப் பெரிய எழுத்தில் ஒன்பது பக்கங்களாக அச்செடுத்துக் கொடுத்தேன். குண்டூசி வேண்டாம், நூலில் கோத்துத் தாருங்கள் வக்கீலம்மா என்று சொல்லிவிட்டு, நான் கோத்து முடிக்கும்வரை காத்திருந்து வாங்கிப்போனார்.